கல்லறைக்கு யார் பொறுப்பு? பழவேற்காட்டுக் கல்லறைகளும் சோழர் பள்ளிப்படைகளும்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு சுமார் 18 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏரியையும் முகத்துவாரத்தையும் பார்த்துவிட்டு, இறாலோ நண்டோ வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். சிலர் மட்டும் ஊருக்குள் இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். அதன் வாசல் வளைவின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உனக்கும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வருகிறவரிடம் சொல்லும் மணற்கடிகையும் அந்தச் சிற்பத்தில் உண்டு. 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் கல்லறைக் கலையில் இவை வழக்கமான சின்னங்கள். தமிழ்க் கடற்கரை ஊர் ஒன்றின் நடுவே பார்க்கும்போதுதான் திடுக்கிட வைக்கின்றன.

உள்ளே நுழைந்ததும் எவரும் கேட்பது, “இதுக்குள்ள யாரு?” என்பதைத்தான். வியன்னாவின் அரச நிலவறைக்குப் போகிற பயணியும் கும்பகோணத்துப் பக்கம் பள்ளிப்படை, அதாவது இறந்த அரச குடும்பத்தாரின் நினைவாக எடுத்த கோயில், தேடிப் போகிறவரும் இதையேதான் கேட்கிறார்கள். கேள்வி இயல்பானது. ஆனால் அதற்குக் கிடைக்கும் விடை ஒரு பெயரோடு நின்றுவிடும். அதிகாரத்தில் இருந்த ஒருவர் இறந்தபின் அவருடைய நினைவிடத்தைப் பேணும் பொறுப்பை யார் ஏற்றார்கள், எந்த வருமானத்தைக் கொண்டு ஏற்றார்கள், அந்த ஏற்பாடு எத்தனை காலம் தாங்கியது என்று கேட்டால் கல்லறை நிறையப் பேசும். பொன்னேரியை நடுவாக வைத்துச் சுற்றிப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு ஒன்றுக்கொன்று மாறான விடைகள் கிடைக்கின்றன.

மன்னரில்லாத அரசு

பழவேற்காட்டில் அடக்கமானவர்கள் மன்னர்கள் அல்லர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும். ஆனால் 1602இல் தொடங்கிய அந்தக் கம்பெனி சாதாரண வணிக நிறுவனமாக இருக்கவில்லை. போர் தொடுக்கவும், மன்னர்களோடு உடன்படிக்கை செய்யவும், கோட்டை கட்டவும் அதற்கு உரிமை இருந்தது. 1610இல் விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்றுப் பழவேற்காட்டில் பண்டகசாலை வைத்தார்கள். சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் 1612இல் அதைத் தாக்கி அழித்தார்கள். அதற்குப் பதிலாக 1613இல் எழுந்ததுதான் கெல்ட்ரியா கோட்டை. கோரமண்டல் கரை முழுவதற்கும் அந்தக் கம்பெனியின் தலைமையிடம் அதுவே. அங்கே நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து தயாரித்தார்கள், உள்நாட்டு நெசவாளர்களிடம் முன்பணம் கொடுத்து வாங்கிய துணியைக் கப்பலேற்றினார்கள். அந்தத் துணியைக் கொடுத்து இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினார்கள். இந்த வணிகத்தின் கணக்கு வழக்குகளைத் தபன் ராய்சௌத்ரி, யாழ்ப்பாணத்தில் பிறந்த வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம் போன்றோர் கம்பெனி ஆவணங்களிலிருந்து விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

இத்தனை அதிகாரமும் கையில் இருந்த வணிகர்கள் சாகும்போது அரசரைப் போலவே அடங்க விரும்பினார்கள். இதற்கு மிகப் பெரிய சான்று பழவேற்காட்டுக்கு வெளியே, சூரத்தில் இருக்கிறது. மலையாளக் கரையின் தாவரங்களைப் பற்றிய ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற பன்னிரண்டு தொகுதிப் பெருநூலை உருவாக்கிய ஆட்ரியான் வான் ரேட, கம்பெனியின் தலைமை ஆணையராக இந்தியாவிலுள்ள டச்சுக் குடியிருப்புகளைச் சோதனையிட வந்தவர். கோரமண்டலின் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றும் முடிவுக்குப் பின்னால் இருந்தவரும் அவரே. 1690இல் மாற்றம் நடந்தது. அடுத்த ஆண்டே, சூரத்துக்குப் போகும் வழியில் கப்பலில் இறந்தார். சூரத்தில் அவருக்குக் கட்டிய இரண்டடுக்கு மாட மண்டபம் ஒரு சுல்தானின் அடக்கத்தலம் போல இருக்கும். அங்கே ஆங்கிலேய வணிகர்களும் டச்சுக்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு கல்லறை எழுப்பினார்கள். உள்ளூர் அரசர்களின் கண்ணில் படும்படி, எங்கள் கம்பெனியும் ஓர் அரசுதான் என்று அறிவிக்கும் விளம்பரமாகவே அந்த மாடங்கள் நின்றன.

பழவேற்காட்டில் அந்தப் பிரமாண்டம் இல்லை. தரையோடு படுத்திருக்கும் பலகைக் கற்களும், சுண்ணாம்புச் சாந்து பூசிய மண்டபங்களும், கூர்நுனித் தூண்களுமாக 70க்கும் மேற்பட்ட நினைவிடங்கள் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. ஆனால் நோக்கம் அதேதான்.

ஒரு கல்லை அருகில் வைத்து வாசித்தால்

அந்தப் பலகைக் கற்களில் ஒன்றின் அருகே குனிந்து பார்த்தால் முதலில் தெரிவது எழுத்தின் புடைப்பு. நம் கோயில் கல்வெட்டுகளில் எழுத்தைக் கல்லுக்குள் வெட்டியிருப்பார்கள். இங்கே எழுத்தைச் சுற்றியிருக்கும் கல் முழுவதையும் கொத்தி இறக்கி, எழுத்தை மட்டும் மேலே நிறுத்தியிருக்கிறார்கள். கருங்கல்லில் இது பல மடங்கு உழைப்பைக் கேட்கும் வேலை. ஓர் உளி தவறினால் ஓர் எழுத்தே போய்விடும்; அதைத் திருத்த வழியில்லை. மேற்பகுதியில் குடும்ப முத்திரை: கேடயம், அதன்மேல் தலைக்கவசம், இருபுறமும் சுருண்டிறங்கும் இலைக்கொடிகள். அதன் கீழே ‘இங்கே அடக்கமாகியிருப்பவர்’ என்ற பொருளில் தொடங்கும் டச்சு வாசகம். பிறகு பெயர், கம்பெனியில் வகித்த பதவி, இறந்த நாள், வயது. பல கற்களில் வயதை ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்தே குறித்திருப்பார்கள். கடைசி நாள் வரை பற்று வரவு எழுதி முடித்த பேரேட்டைப் பார்ப்பது போல இருக்கும்.

இந்தக் கற்கள் ஹாலந்திலேயே செதுக்கப்பட்டுக் கப்பலில் வந்தவை என்று சொல்வோர் உண்டு. ஆனால் கோரமண்டல் கரையில் செதுக்கிய கல்லறைப் பலகைகள் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றுமதியாகியிருக்கின்றன. கருங்கல்லில் பல நூற்றாண்டுக் கைப்பழக்கம் கொண்ட தச்சர்கள் நிறைந்த கரை இது. முத்திரைகளைச் சுற்றி ஓடும் கொடிகளில் கோயில் கொடிக்கருக்கின் நெளிவு தெரிகிறது என்று பார்ப்பவர் சொன்னால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

கல்லில் பதவி இருக்கிறது, சம்பளத் தரவரிசை இருக்கிறது, குலப்பெருமை இருக்கிறது. இந்தக் கல்லை இனி யார் துடைப்பார்கள், யார் சுண்ணாம்பு அடிப்பார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. கம்பெனி என்றென்றும் இருக்கும், அது பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் கற்கள் நடப்பட்டன. அந்த நம்பிக்கை இரு நூற்றாண்டுகூடத் தாங்கவில்லை. கம்பெனி 1799ஆம் ஆண்டு முடிவில் கலைந்தது. 1824இல் கையெழுத்தான ஆங்கில டச்சு உடன்படிக்கைப்படி மறு ஆண்டு பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இடிந்து புதர் மண்டிப்போனது. கல்லறைகளுக்கு வாரிசு இல்லாமல் போயிற்று.

ஆதித்தனின் ஏற்பாடு

இதற்கு நேர் எதிரான ஏற்பாட்டைப் பார்க்க, பொன்னேரியிலிருந்து வடமேற்கே காளத்திப் பக்கம் போக வேண்டும். பல்லவன் அபராஜிதனை வென்று தொண்டை மண்டலத்தைச் சோழ நாட்டோடு சேர்த்தவன் முதலாம் ஆதித்தன். இன்றைய பொன்னேரி வட்டாரமும் அப்படித்தான் சோழர் ஆட்சிக்குள் வந்தது. அவன் கி.பி. 907 வாக்கில் தொண்டைமானாற்றூரில் இறந்தான். ‘தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்’ என்றே கல்வெட்டு அவனைக் குறிக்கிறது. அவன் மகன் முதலாம் பராந்தகன் அங்கே சிவன் கோயில் ஒன்றை எடுப்பித்தான். ஆதித்தேச்சுரம் என்றும், ஆதித்தனின் விருதுப்பெயரால் கோதண்டராமேச்சுரம் என்றும் அழைக்கப்பட்ட அந்தக் கோயில் இன்று ஆந்திரத்தில் தொண்டைமாநாடு என்ற ஊரில் இருக்கிறது.

பள்ளிப்படையின் அமைப்பு டச்சுக் கல்லறைக்கு முற்றிலும் மாறானது. கருவறையில் இருப்பது லிங்கம். பெட்டி இல்லை, உருவம் இல்லை, கீழே இறங்கப் படிக்கட்டு இல்லை. கல்வெட்டு வாசிக்காதவர் அதைப் பிற சிவன் கோயில்களிலிருந்து பிரித்தறிய முடியாது. அரசனை அடையாளம் காட்டுவது கட்டடத்தின் வடிவம் அன்று; சுவரில் வெட்டிய நிவந்தம், அதாவது கோயிலின் நிலையான செலவுக்கு வைத்த கொடை. விளக்கெரிக்க எவ்வளவு, திருவமுதுக்கு எந்த ஊர் நிலம், திருவிழா நாள்களில் எந்தெந்தச் சமயத்து அடியாருக்குச் சோறு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். ஆதித்தேச்சுரத்திலும் பல பிரிவு அடியார்களுக்கு அன்னமிடப் பராந்தகன் வழி செய்தான்.

மேல்பாடியில் முதலாம் ராஜராஜன் எடுப்பித்த அரிஞ்சிகை ஈச்சுரமும் இப்படித்தான். ஆற்றூரில் இறந்த தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக அவன் எழுப்பிய பள்ளிப்படை அது. பட்டீச்சரத்தில் பஞ்சவன்மாதேவி ஈச்சுரம், முதலாம் ராஜேந்திரன் தன் சிற்றன்னைக்கு எடுத்தது. பெண்ணொருத்தியின் பெயரில் நிற்கும் பள்ளிப்படை என்பதால் அதற்குத் தனிச் சிறப்பு உண்டு.

இவற்றோடு செய்யாற்றுப் பக்கத்துப் பிரம்மதேசத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கங்கையும் கடாரமும் கொண்ட ராஜேந்திரன் 1044இல் இறந்தது அந்த ஊரில்தான். அவனோடு தீப்புகுந்த தேவி வீரமாதேவிக்காக அவள் உடன்பிறந்தான், சேனாபதி ஒருவன், அங்கே தண்ணீர்ப் பந்தலுக்கு நிவந்தம் வைத்ததை ஒரு கல்வெட்டு சொல்கிறது. இறந்தவர்களின் தாகம் தணிய வேண்டும் என்பது அவன் எண்ணம். பேரரசன் ஒருவனின் சாவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக நெருக்கமான சான்று, வழிப்போக்கருக்குத் தண்ணீர் வார்க்கச் செய்த ஏற்பாடு. அதே கல்வெட்டு ஒரு பெண் தீயில் இறங்கிய கொடுமையையும் சொல்கிறது என்பதை மறைத்துவிட்டு அந்தத் தண்ணீரை மட்டும் கொண்டாட முடியாது.

பள்ளிப்படையின் ஏற்பாடு நெடுங்காலம் தாங்கியது. அதற்கும் ஒரு விலை இருந்தது. வழிபாடு தொடர்ந்தது, எதற்காகத் தொடங்கியது என்பது மறந்துபோயிற்று. நூற்றாண்டுகள் கழித்துக் கல்வெட்டாய்வாளர்கள் படியெடுத்து வாசித்த பிறகே பல கோயில்களில் அரசன் திரும்பக் கிடைத்தான். டச்சுக் கல் பெயரைக் காப்பாற்றியது, பேணும் ஆளைக் காப்பாற்றவில்லை. பள்ளிப்படை பேணும் ஆளைக் காப்பாற்றியது, பெயரை இழந்தது.

நிலவறையைத் தேடும் கண்

இன்றைய பயணி இந்த இரண்டையும் பார்க்கும் கண், பெரும்பாலும் ஐரோப்பிய அரச நிலவறைகளின் படங்களில் பழகிய கண். அந்த நிலவறைகளைக் கொஞ்சம் ஆராய்ந்தால் அவையும் ‘யார் இங்கே’ என்ற கேள்விக்கு நேரான பதில் தருவதில்லை. வியன்னாவின் கப்புச்சின் துறவியர் கோயிலுக்கு அடியில் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஏறத்தாழ 150 பேர் உலோகப் பேழைகளில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலருடைய இதயம் அகஸ்டீனியர் கோயிலில். குடல் முதலியவை புனித ஸ்டீபன் பேராலயத்தின் அடியில். ஓர் உடலை மூன்று இடத்தில் பங்கிட்டு வைத்த குடும்பம் அது. நிலவறையைத் தொடங்கி வைத்ததே பேரரசி அன்னா தன் உயிலில் ஒதுக்கிய பணம்தான். இன்றும் அங்கே நுழைவுக் கட்டணம் உண்டு. பேணும் பொறுப்பு துறவியர் மடத்தினுடையது. பராந்தகனின் நிவந்தத்துக்கும் அன்னாவின் உயிலுக்கும் உள்ளடக்கத்தில் பெரிய தொலைவு இல்லை.

டச்சுக்காரர்களின் சொந்த அரச நிலவறை டெல்ஃப்ட் நகரின் புதிய தேவாலயத்தில் இருக்கிறது. 1584இல் அந்நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட ஆரஞ்சு வில்லியத்தில் தொடங்கி அவர் வழியினர் அங்கே அடக்கமாகிறார்கள். 2004இல் முன்னாள் அரசி ஜூலியானாவும், அதே ஆண்டு அவர் கணவரும் அங்கே வைக்கப்பட்டார்கள். பயணிகள் மேலேயுள்ள சலவைக்கல் நினைவு மண்டபத்தைப் பார்க்கலாம். நிலவறைக்குள் போக அனுமதி இல்லை. ஆக, நெதர்லாந்தின் அரசர்களிடம் போக முடியாத பயணி, அந்நாட்டு வணிகர்களின் கல்லறைகளுக்கு நடுவே பழவேற்காட்டில் உலவலாம்.

நம் ஊரில் இந்த ‘நிலவறைத் தேடல்’ சமீபத்தில் பெரிதாக எழுந்தது உடையாளூரில். கும்பகோணத்துக்கு அருகேயுள்ள அவ்வூரில் முதலாம் ராஜராஜன் அடக்கமானான் என்ற நம்பிக்கை பரவி, 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அங்கே தொல்லியல் ஆய்வுக்கு உத்தரவிடும் அளவுக்குப் போனது. ஆதாரமாகக் காட்டப்படும் முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு பேசுவது, சிவபாதசேகரர் என்ற விருதுப்பெயர் கொண்ட ராஜராஜனின் பெயரால் இருந்த மாளிகை ஒன்றின் திருப்பணி பற்றி. அவன் உடல் அங்கே இருக்கிறது என்பதற்கு உறுதியான தொல்லியல் சான்று இல்லை. ஆனாலும் கூட்டம் போகிறது, மாலை போடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் அவன் கொடுத்த ஒவ்வொரு பொன்னுக்கும் விளக்குக்கும், அங்கே பணி செய்த ஒவ்வொருவருக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கும்போது, எலும்பைத் தேடுவதில் இவ்வளவு வேகம் எதற்கு என்பது கேட்கத்தக்க கேள்வி.

கல் இல்லாதவர்கள்

பழவேற்காட்டுக்கே திரும்பினால், யாருக்குக் கல் இல்லை என்பதும் வாசிக்க வேண்டியதே. துணி நெய்தவர்கள், சாயம் ஏற்றியவர்கள், படகு வலித்தவர்கள், கம்பெனிக்கும் நெசவாளருக்கும் நடுவே நின்ற தரகர்கள் ஆகியோரின் பெயர் இந்த மதிலுக்குள் இல்லை. அவர்களைவிட இன்னும் தொலைவில் நிற்பவர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள். 17ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வரும் ஆண்டுகளில் குழந்தைகளையும் தங்களையுமே விற்றுக்கொண்ட மக்களைப் பழவேற்காட்டிலிருந்தும் பிற துறைமுகங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கில் பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். அவர்களைப் பற்றிய குறிப்பு கம்பெனியின் சரக்குக் கணக்கில் இருக்கிறது. எண்ணாக இருக்கிறது, பெரும்பாலும் பெயராக இல்லை. ஒரே கம்பெனியின் எழுத்தர்கள், மூத்த வணிகரின் வயதை நாள் கணக்கு வரை கல்லில் ஏற்றினார்கள். கப்பலின் அடித்தளத்தில் போனவர்களைத் தலைக்கணக்கில் முடித்தார்கள். கல்லறைத் தோட்டத்தின் அழகை ரசிக்கும் எவரும் இந்த இரண்டு கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்றைய நிவந்தம்

வாரிசில்லாமல் கிடந்த டச்சுக் கல்லறைகளுக்கு முதலில் திரும்பக் கவனம் தேடித் தந்தவர்கள் ஆங்கிலேய ஆட்சியின் தொல்லியலாளர்கள். சென்னை மாகாணத்திலுள்ள டச்சுக் கம்பெனி நினைவுச்சின்னங்களைப் படங்களோடு பதிவு செய்து அலெக்சாண்டர் ரீ 1897இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகளை விரிவாக அகழ்ந்து உலகுக்குக் காட்டியவரும் இதே ரீதான். 1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் மாகாணத்தின் கல்லறை வாசகங்களைத் தொகுத்து அச்சிட்டார். இன்று பழவேற்காட்டுக் கல்லறைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன.

அதாவது, கம்பெனி செய்யாமல் விட்ட நிவந்தத்தை இப்போது இந்தியக் குடிமக்கள் வரிப்பணமாகச் செலுத்துகிறார்கள். பணம் மட்டும் அன்று. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடத்தைத் தடை செய்கின்றன. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும். ஊரின் நடுவே இருக்கும் கல்லறைக்கு இந்த விதி பொருந்தும்போது, பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுக்கவோ இடிந்த சுவரைத் திரும்பக் கட்டவோ மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நானூறு ஆண்டுக்கு முன்பு வந்த வணிகரின் கல்லுக்கு இன்றைய மீனவக் குடும்பமும் சிறு கடைக்காரரும் இடம் விட்டு வாழ்கிறார்கள். இந்தச் செலவு எந்தப் பலகையிலும் எழுதப்படுவதில்லை. சின்னத்தைக் கீறியோ உடைத்தோ சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதே சட்டம் சொல்கிறது. காதலர் பெயரைக் கல்லில் கீறுகிறவருக்கு அது சட்டப் பிரச்சினை. இடத்தை விட்டுக்கொடுத்து வாழும் பக்கத்து வீட்டாருக்கு அது நேரான அவமதிப்பு.

இத்தனை கொடுக்கிற மக்களுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டியது என்ன? ஒவ்வொரு முக்கியமான கல்லின் வாசகத்தையும் தமிழில் தரும் பலகை. கம்பெனியின் துணி வணிகத்தையும் அடிமை வணிகத்தையும் மறைக்காமல் சொல்லும் ஒரு விளக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பொன்னேரியிலிருந்து ஒரு நாளில் வந்து பார்த்துப் போகும்படி உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி. கட்டுமான அனுமதிகளைத் தாமதமின்றித் தரும் ஒரு நடைமுறை. பராந்தகன் ஆதித்தேச்சுரத்தில் செய்ததன் சாரமும் இதுவே: இறந்தவரின் பெயரால் இருக்கிறவர்களுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். அது கிடைக்கிற இடத்தில் கல்லறைக்குக் காவல் தானாக வரும். கிடைக்காத இடத்தில் தொல்லியல் துறையின் பூட்டு மட்டுமே மிஞ்சும்.